மாப்பிள்ளை முறுக்கு

டிரைவருக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. டிராக்டரின் பின்னாலிருந்த குழி போடும் திருகு மூன்றடி ஆழத்தில், களிமண்ணில் இறுகி நின்றுவிட்டது. பைப் ரெஞ்சை மாட்டிக் கையால் பின்பக்கமாகச் சுற்றித்தான் எடுக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் அரைச் சுற்றுதான் நகர்ந்திருந்தது.

அவன் தங்கையின் புருஷன் துண்டைப் போர்த்திக்கொண்டு டிராக்டர் சீட்டில் உட்கார்ந்திருந்தான்.

“மாப்ள, சாவியக் குடுங்க. ஒரே தூக்குல தூக்கிடறேன்.”

“மாட்டேன் மச்சான். அரையடிக்கு ஒருதரம் மேல தூக்கி மண்ண உதறுங்கன்னு சொன்னேன், கேட்டீங்களா? இப்ப சுத்துங்க.”

வேலி போடச் சொன்ன நிலத்துக்காரர் அப்போதுதான் வந்தார்.

“இன்னும் ஏழு குழி கெடக்கு. இப்படியே நின்னா வேற மெஷினக் கூப்பிட்டுக்குவேன்” என்றவர், சீட்டைப் பார்த்து எரிந்து விழுந்தார். “அந்தாளு ஒத்தையா முக்கறான். ஒனக்கென்ன, மாப்பிள்ளை முறுக்கா? எறங்கி ஒரு கை குடுத்தா கொறஞ்சா போயிடுவே?”

“கொறஞ்சுதாங்க போயிட்டேன்.” மாப்பிள்ளை துண்டை விலக்கினான். சட்டையின் வலது கை காலியாகத் தொங்கியது. “போன வருஷமும் இப்படித்தான் மாட்டுச்சு. நான் கீழ நின்னு சுத்திக்கிட்டிருந்தேன். இவரு அவசரப்பட்டு வண்டிய ஸ்டார்ட் பண்ணிட்டாரு. அதுலேர்ந்து மாட்டிக்கிட்டா சாவி எங்கிட்ட.”

நிலத்துக்காரர் தள்ளிப் போய், வேறு மெஷினுக்கு போன் போட்டார்.

டிரைவர் நிமிராமல் ரெஞ்சை இழுத்தான். தங்கை புருஷனுக்கு அவன் ஒரு வலது கை கடன்பட்டிருந்தான்.