குறி தப்பிய குத்து

முதல் குத்து விலாவில் இறங்கியது. நோலன் பனித்தரையில் தடுமாறி, ஹாக்கி மட்டையை நழுவவிட்டு, அடித்தவனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான்.

"கையுறையக் கழட்டிட்டு வாடா!" ரீமர் கத்தினான். "என்ன, ஒத்தக் கண்ணால பாக்குற? பயமா?"

போன சீசன் வரை இருவரும் ஒரே அணி. ஒரே வீட்டில், ஒரே அறையில் தங்கி ஆடியவர்கள். அணி மாறிய ஒரு வருஷத்தில் இப்படியா கொலைவெறி பிடிக்கும்?

அதுவும் இந்த நேரம் பார்த்து! கொஞ்ச நேரமாகவே நோலனின் இடது கண்ணோரம் மின்னல் நெளிந்துகொண்டிருந்தது. ஒற்றைத் தலைவலி புறப்பட்டுவிட்டது. இப்போதே மாத்திரை போட்டு இருட்டில் படுத்தால் தப்பலாம். தவறினால் நாள் முழுக்க வாந்தியும் சித்திரவதையும்தான்.

ஆனால் பயிற்சியாளர் மக்லீஷிடம் யார் போய்ச் சொல்வது? "தலைவலின்னு எவனாவது உட்கார்ந்தா, பெட்டியக் கட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிடலாம்" என்று சீசன் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். ஒருவனை அனுப்பியும் காட்டினார். இளையோர் ஆட்டத்தின் வயது வரம்பான இருபதைத் தொட்டுவிட்ட நோலனுக்கு இந்த இடம் போனால் வேறு அணி கிடையாது.

பல்லைக் கடித்துக்கொண்டு இடைவேளை வரை ஓட்டிவிடலாம் என்றிருந்தவனிடம்தான் இவன் வந்து வம்பிழுக்கிறான். நோலனுக்கு ரத்தம் கொதித்தது. கையுறைகளை வீசியெறிந்தான்.

முகத்திலேயே குத்தினான். ரீமரின் தலைக்கவசம் கழன்று உருண்டது. அடுத்த குத்தில் உதடு கிழிந்து பனியெல்லாம் சிவப்பானது. அப்போதும் வெறி அடங்காமல் இன்னொன்று வைத்தான்.

ரீமரும் விடவில்லை. ஆனால் அவன் குத்தெல்லாம் தோளிலும் விலாவிலுமே விழுந்தன. கழுத்துக்கு மேல் ஒன்றுகூட வரவில்லை.

"குறி பாத்துக் குத்துடா, குருட்டுப் பயலே!" கூட்டம் ஊளையிட்டது.

நடுவர் பாய்ந்து வந்து பிரித்தார். கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். "சண்டைக்கு அஞ்சு நிமிஷத் தண்டனை, இடைவேளைக்கு அவ்வளவு நேரம்கூட இல்ல. பெனால்டி பாக்ஸ்ல உக்கார வேணாம், ரெண்டு பேரும் டிரெஸ்ஸிங் ரூமுக்கே நடங்க!"

மக்லீஷ் பெஞ்சை ஓங்கித் தட்டினார். "அப்படிப் போடு! இவன்தான்டா ஆம்பள!"

கதவைச் சாத்தியதும் வெளி இரைச்சல் அடங்கியது. நோலன் நடைவழிச் சுவரில் சாய்ந்தான். மின்னல் பாதிப் பார்வையைத் தின்றிருந்தது. பின்னால் யாரோ வரும் சத்தம் கேட்டுத் திரும்பினான்.

ரீமர்தான். வாயெல்லாம் ரத்தம்.

நோலன் மறுபடி கையை ஓங்கினான். "இன்னும் அடங்கலையாடா உனக்கு? ஒரே மேசையில சாப்பிட்டவன்தானே நீ? நான் என்னடா பண்ணேன் உனக்கு?"

ரீமர் அவனைத் தாண்டிப் போய் நோலனுடைய அணியின் அறைக்கதவைத் திறந்து, உள்ளே கைவிட்டு விளக்கை அணைத்தான். ஆடிய பல்லைத் துப்பிவிட்டுத் தணிந்த குரலில் சொன்னான்.

"மின்னல் ஆரம்பிச்சிருச்சுல்ல? மாத்திரையப் போட்டுட்டுப் படுடா."