மேனேஜருக்கு வாரம் நாலு குளியல்

“இது நாயா, இல்லை துவைக்கப் போட்ட சட்டையா?”

நாய் டாக்டர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார். மேஜைமேல் நின்ற நாயின் முதுகில் முடி கொட்டி, தோல் பழைய சுவர் மாதிரி உரிந்துகொண்டிருந்தது.

எதிரே நின்ற பெண் நாயை நழுவாமல் பிடித்துக்கொண்டாள்.

“பேரென்ன?”

“மேனேஜர்.”

“என்னது?”

“வீட்ல ஒரு வேலையும் செய்யாது டாக்டர். மத்தவங்க வேலை செய்யறதைக் கூடவே நின்னு பார்க்கும். அதான்.”

“சரி. மேனேஜர் வாரத்துக்கு எத்தனை தடவை குளிக்கிறார்?”

“நாலு. சில வாரம் அஞ்சு.”

“அஞ்சா! நானே அவ்வளவு குளிக்கிறதில்லை!”

டாக்டர் குரலை உயர்த்தினால், தெருக்கோடியில் போகிற பூனைகூட ஒரு நிமிஷம் நின்று, நம்மைத்தானோ என்று யோசித்துவிட்டுத்தான் நகரும்.

“மாசத்துக்கு ஒரு குளியல் போதும்மா. நாய்த் தோல்ல இயற்கையா ஒரு எண்ணெய்ப் பசை இருக்கும். அதைச் சோப்புப் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு எடுத்துட்டீங்க. சுத்தம் பார்க்க வேண்டியதுதான். அதுக்காக ஒரு வாயில்லாத ஜீவனோட தோலை உரிக்கிறதா?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்டர் நாயின் முதுகை விரலால் தடவி, முகர்ந்து பார்த்தார்.

“எண்ணெய் தடவுறீங்களா?”

“இல்லையே.”

“யாரோ தடவியிருக்காங்க. இவ்வளவாவது தோல் மிஞ்சியிருக்கிறது அதனாலதான். வீட்ல வேற யாரு?”

“மாமனார் மட்டும்தான். வீட்டுக்காரருக்கு வெளியூர்ல வேலை. மாமா இதைத் தொடவே மாட்டார். ‘சனியனே’ன்னுதான் கூப்பிடுவார். அவரே திடீர்னு, டாக்டர்கிட்டக் காட்டியே ஆகணும்னு ஒத்தைக் காலில் நின்னார். வெளியே பெஞ்சுல உட்கார்ந்திருக்கார்.”

“நல்ல மனுஷன். நீங்க ஏன் இப்படிக் குளிப்பாட்டுறீங்க?”

“அது… மாமா கட்டில்ல ஏறி நனைச்சுடுது டாக்டர். விடிஞ்சதும் படுக்கை விரிப்பை அலசிட்டு, இதையும் குளிப்பாட்டிடுவேன்.”

டாக்டர் நாயைப் பார்த்தார். நீள உடம்பு, ஒரு சாண் கால். படுத்தாலும் நின்றாலும் ஒரே உயரம்.

“கட்டில் எவ்வளவு உயரம்?”

அவள் யோசிக்காமல் இடுப்பில் கை வைத்துக் காட்டினாள். காட்டிய கை அங்கேயே நின்றுவிட்டது.

“என் வாசல்ல இருக்கிற ஒத்தைப் படியை ஏற முடியாம, உங்க இடுப்புல உட்கார்ந்து வந்த ஆள் இவர்” என்றார் டாக்டர். இப்போது அவர் குரல் அவருக்கே கேட்டிருக்காது.

அவள் கதவு மூடியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“நாலு மாசமா டாக்டர். முதல் நாள், மாமா ஈர விரிப்பைச் சுருட்டிக் கையில வச்சுக்கிட்டு, எங்கே ஒளிக்கிறதுன்னு தெரியாம நின்னார். முப்பது வருஷம் ஸ்கூல் ஹெட்மாஸ்டரா இருந்தவர். எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியலை. சட்டுனு, ‘ஏன்டா மேனேஜர், மாமா கட்டில்தான் கிடைச்சுதா உனக்கு’ன்னு இதைத் தூக்கிட்டுப் போய்க் குளிப்பாட்டினேன். அவர் முகத்துல உயிர் வந்துச்சு. நாய்மேல பழியைப் போட்டுட்டுக் குளிப்பாட்டாம விட்டா, எனக்கு விஷயம் தெரியும்னு அவருக்குச் சந்தேகம் வந்துடுமே?”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏற்கெனவே துடைத்ததுதான்.

“இனிமே இப்படிச் செய்ங்க. நாயைக் குளியலறைக்குக் கூட்டிட்டுப் போய்க் கதவைச் சாத்துங்க. குழாயைத் திறந்து சத்தம் மட்டும் கேட்க விடுங்க. ஈரத் துண்டை மேல போர்த்தித் தூக்கிட்டு வாங்க. நிஜக் குளியல் மாசம் ஒண்ணு. மாமாவை ஏதாவது சாக்கு சொல்லி அவருக்கான டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க. மருந்து இருக்கு.”

“மாமாகிட்ட… நாய்க்கு என்னன்னு சொல்வீங்க?”

“பார்த்துக்கிறேன்.”

கதவைத் திறந்தார். பெஞ்சில் குடையோடு உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்தார்.

“பெரியவரே, உங்க நாய்க்கு மூத்திரப்பை கொஞ்சம் தளர்ந்திருக்கு. வயசானா யாருக்கும் வர்றதுதான். திட்டாதீங்க.”

பெரியவர் நாயை முறைத்தார். “கேட்டியா சனியனே! துணி அலசி அலசி என் மருமக இடுப்பு ஒடியுது, உன்னால!”

அவள் நாயைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடிக்க முன்னால் நடந்தாள். பெரியவர் பாதி வழியில் நின்று, “குடையை மறந்துட்டேன்மா” என்று திரும்பி வந்தார்.

குடை அவர் கக்கத்தில்தான் இருந்தது.

சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன எண்ணெய்ப் புட்டியை எடுத்து டாக்டரிடம் நீட்டினார்.

“இதைத் தடவலாமா டாக்டர்? தினமும் அவ தூங்கினப்புறம் தடவிவிடறேன். என் பழியைச் சுமக்குது, பாவம்.”

டாக்டர் குனிந்து புட்டியை முகர்ந்து பார்த்தார்; நாயின் முதுகில் இருந்த அதே வாசனை. “அப்போ… உங்க மருமக நடிக்கிறது உங்களுக்குத் தெரியுமா?”

“எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா, குழந்தை என் முகத்தைப் பார்க்கவே கூச்சப்படும்.”

பெரியவர் புட்டியைப் பையில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார். படி இறங்கும்போதே குரலை உயர்த்தினார்.

“எங்கேம்மா அந்தச் சனியன்? இன்னிக்கு ராத்திரியாவது ஒழுங்கா இருக்கச் சொல்லு!”