மண் தொட்டியே போதும்

அடையாற்றில் செடி விற்கும் இனாயத்துக்குக் காமாக்ஷியம்மாள்மேல் தீராத எரிச்சல். மாதம் தவறாமல் தொட்டி தொட்டியாகப் பூச்செடி வாங்கிப் போகிறாள். ஒன்றுகூடப் பிழைத்த பாடில்லை. என்னதான் செய்கிறாள் என்று பார்த்துவிடலாமென்று, இந்த மார்கழியில் செடிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு அவரே மயிலாப்பூர் வந்துவிட்டார்.

"சாமந்தியும் டேலியாவும் இந்தப் பனிக்கு நல்லாப் பூக்கும்மா. ஆனா இப்டி நடையில வெச்சா வெயிலு எங்கேர்ந்து வரும்? மாடியில வைங்க."

"இங்கேயே இருக்கட்டும் பாய். அவர் உள்ளே நுழைஞ்சதும் இதுதான் கண்ணுல படணும்."

"சிமெண்ட் தொட்டியும் கொணாந்துகீறேன். ஆயுசுக்கும் உடையாது."

"ஐயையோ, அது வேண்டாம். மண் தொட்டியே போதும்."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் கணவர், வக்கீல் வேதாந்தம், கேஸ் தோற்றுவிட்டு வந்திருந்தார்.

"மூதேவி! கார்த்தால உன் மூஞ்சியில முழிச்சுட்டுப் போனா எது ஜெயிக்கும்?"

முதல் தொட்டியைத் தூக்கிச் சுவரில் அடித்தார். மண்ணும் இதழும் சிதறின. அடுத்ததை எட்டி உதைத்தார். தெறித்த ஓடு ஒன்று இனாயத்தின் நெற்றியைக் கிழித்தது. டேலியாக்களை வேரோடு பிடுங்கி மிதித்தார். கடைசித் தொட்டியும் நொறுங்கியது.

கோபம் மட்டும் அடங்கவில்லை. வெறுங்கையோடு சுற்றுமுற்றும் பார்த்தவர், காமாக்ஷியின் பக்கம் திரும்பினார்.

அவள் முகத்தை இரு கைகளாலும் பொத்திக்கொண்டு அலறினாள்:

"பாய்! வண்டியில இன்னும் மண் தொட்டி இருக்கா?"