நாலு பத்து வண்டி

பராகன் சமவெளியின் ரயில்வே கேட்டில் டோரினாவுக்கு வேலை. ஒவ்வொரு ரயிலுக்கும் கேட்டை இறக்கிவிட்டு, சுருட்டிய கொடியோடு நிமிர்ந்து நிற்க வேண்டும். எப்போதோ நிறுத்திவிட்ட நாலு பத்து வண்டிக்கும் அவள் தினமும் அப்படி நின்றாள். அதனால் தற்காலிகப் பணிநீக்கம். உத்தரவைக் கொண்டுவந்தவர் ரயில்வே இன்ஸ்பெக்டர் பர்வு.

“வராத வண்டிக்கு எதுக்குக்கா கேட்டைப் போடுறீங்க? இனி விசாரணை, அப்புறம் வேலையே போயிடும்.”

“வரலைன்னு யார் சார் சொன்னது?”

கொடியைக் கேட் அறை மேசைமேல் வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள். மணி நாலு பத்து. காபிக் கோப்பைகள் மெல்ல நடுங்கின. காற்றே இல்லை. வெளியே தண்டவாளத்தோரச் சூரியகாந்திகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்து நிமிர்ந்தன.

பர்வு கொடியோடு ஓடிப்போய்க் கேட்டை இறக்கினார். நிமிர்ந்து நின்றார். அவர் தலை மட்டும் பெட்டி பெட்டியாகத் திரும்பியது.

“தினமும் இவ்வளவு கூட்டமாக்கா?”

“இல்ல சார். எப்பவும் காலியாத்தான் வரும்.”