பலூன் இதயம்

ஜன்னல் கம்பிகளுக்கு இடையே மூக்கை நுழைத்துக்கொண்டு நிற்கிறாள் அம்மா. போ என்றால் போகிற ஆளா அவள்? எழுத உட்கார்ந்தால் எழுத்துகள் குழம்பிப்போகிற மகளுக்கு உள்ளே பேனா இல்லாத பரீட்சை. இதயம் வேலை செய்வதைச் செய்து காட்டினால் தேர்ச்சி. வெயில் விழுந்த மேசையில் பலூன்கள், குழாய், சிவப்புத் தண்ணீர். மகள் பலூனை அமுக்குகிறாள். மேலே ஏற வேண்டிய தண்ணீர் திரும்பிப் பாய்ந்து டீச்சரின் கண்ணாடியை நனைக்கிறது. “போச்சு, மானத்த வாங்கிட்டா!” அம்மா தலையில் அடித்துக்கொள்கிறாள். மகள் அசரவில்லை. “வால்வு வைக்க மறந்துட்டேன் மிஸ். அது இல்லன்னா ரத்தம் இப்படித்தான் திரும்பி வரும்.” கண்ணாடியைத் துடைத்தபடி டீச்சர் சிரிக்கிறார். “பாஸுடி!” அதற்குள் அம்மா அடுத்த வகுப்பு ஜன்னலில். “எம்பொண்ணு பாஸு! டாக்டராத்தான் வரப்போறா!” அங்கே மும்முரமாகக் கணக்குப் பரீட்சை நடந்துகொண்டிருக்கிறது.