ராக்குக்குத் தலை சீவியது

பால்சாமிக்குச் சிக்கெடுக்கத் தெரியவில்லை. சீப்பை உச்சியில் வைத்து ஒரே இழுப்பாக இழுத்தான்.

"நுனியில இருந்து வாய்யா. உப்பு வாருற பலகைன்னு நெனச்சியா?" என்றாள் ராக்கு.

பெண்டாட்டி சொன்னபடி நுனிமுடியைப் பிடித்தான். உப்பளத்தில் வெடித்த விரல். மயிர் அதில் மாட்டி மாட்டி வந்தது.

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதிலிருந்து அவளைக் குடம் தொட விடவில்லை. அடுப்பு, தண்ணீர், கைப்பிள்ளையின் துணி எல்லாம் அவன்தான். நேற்று அவள் சேலையையும் அலசினான்.

குழாயடியில் உமையாள் மதினி பார்த்துவிட்டாள். "என்ன கொழுந்தனாரே, அடுத்த பிள்ளைய நீகளே பெத்துக் குடுத்துருவீக போல."

அவன் சிரிக்கவில்லை.

பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு அளத்துக்குப் போன ராக்கு, உப்புக் கூடையோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில் கை நரம்பு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். ஒரு வாரம் படுக்க வைத்தார்கள். நெஞ்சைத் திறக்கவும் வேண்டாம், ஸ்பிரிங் வைக்கவும் வேண்டாம், வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்றார் டாக்டர்.

பால்சாமி மேற்கொண்டு கேட்கவில்லை. அவன் அய்யாவையும் இப்படித்தான் ஒன்றும் செய்யாமல் அனுப்பினார்கள். வீடு வந்ததும் பாடைக்கு மூங்கில் வெட்டத்தான் நேரமிருந்தது.

"ஏ புள்ள, என்னமும் திங்கணும் போல இருக்கா?"

சாகக் கிடப்பவர்களிடம்தான் ஊரில் இப்படிக் கேட்பார்கள்.

"நண்டு" என்றாள் ராக்கு.

"வாங்கியாரேன்." அவள் பிடரியில் சூடாக ஒரு சொட்டு விழுந்தது.

சொல்லாமல் இருக்க அவளுக்கு மனசு கேட்கவில்லை.

டாக்டர் கட்டிலருகே நின்று அவளிடம் விளக்கமாகவே சொல்லியிருந்தார். இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் உள்பக்கம் கிழிந்திருக்கிறது. ஸ்பிரிங் வைக்கப் போனால் கிழிசல் நீளக்கூடும். நெஞ்சைத் திறப்பது வேறு வழியே இல்லாதவர்களுக்கு. இவளுடையதைத் தொடாமல் விட்டால் தானாக ஒட்டிக்கொள்ளும். மாத்திரையை நிறுத்தக் கூடாது. சில மாதத்துக்குப் பாரம் தூக்கவே கூடாது.

பிழைத்துவிடுவாள் என்று தெரிந்தால் அளத்தில் கூடையை நீட்டுவார்கள். இவனும் போயிட்டு வா என்பான். கெட்டவனில்லை. வயிற்றுப்பாடு அப்படி.

நண்டு தின்றுவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று தலையை இன்னும் கொஞ்சம் அவன் பக்கம் சாய்த்தாள்.