வெள்ளைக்கு அடியில்

தேய்த்த இடத்தில் மஞ்சள் தெரிந்தது.

காபித் தட்டோடு வாசலுக்கு வந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"நிறுத்து, நிறுத்து!" என்று அவள் கணவர் தயாளன் கத்தினார். தேய்க்கிற மெஷினோடு காரின் கூரைமேல் கவிழ்ந்திருந்த நண்பர் குலசேகரன் நிறுத்தினார்.

வாசல் முழுக்க பெயிண்ட் தூள். தின்னர் நெடி வேறு. சோற்றில்கூட அந்த நாற்றம்தான் வீசுகிறது.

பென்ஷன் வாங்குகிற வயதில் மனுஷன் கோயில் குளம் என்று போவான். இவருக்குப் பிடித்தது ஹாட் ராட் பைத்தியம். பழைய காரின் பானட்டைக் கழற்றி எறிந்து, கூரையை அறுத்துத் தாழ்த்தி, என்ஜின் வெளியே தெரிய அமெரிக்காவில் ஓட்டுவார்களாம். போனில் பார்த்தாராம். இவருக்கும் ஒன்று வேண்டுமாம்.

கைக்கு அகப்பட்டது வீட்டிலிருந்த அம்பாசடர்.

அவள் அப்பா கல்யாணச் சீராகக் கொடுத்தது.

மட்கார்டுகள் போன மாதமே போயின. பானட்டும் போயிற்று. குடலை உருவி வெளியே போட்ட மாதிரி என்ஜின் கிடக்கிறது. தினம் காலையில் அதை உறும விட்டுப் பார்ப்பார். தெருவே திட்டும். இளித்துக்கொண்டு நிற்பார்.

இன்றைக்குக் கூரையை அறுக்க நாள் பார்த்திருந்தார்கள். அறுக்கிற இடத்தில் பெயிண்டை எடுக்கப் போய்த்தான் இது.

குலசேகரன் கதவிலும் கொஞ்சம் தேய்த்துப் பார்த்தார்.

கறுப்பு.

அந்தக் கால மெட்ராஸில் மேலே மஞ்சளும் கீழே கறுப்புமாக ஓடியது எது என்று சின்னப் பிள்ளையும் சொல்லும்.

அவள் அப்பா மாசிலாமணி டாக்ஸி ஓட்டினார். டிராவல்ஸ் வைத்திருக்கிறார் என்று தரகர் அளந்துவிட்டார். சீரில் கார் இல்லையென்றால் பத்திரிகையே அடிக்க வேண்டாம் என்றாள் மாமியார்.

அப்பாவிடம் இருந்தது ஒரே கார். சோறு போட்ட கார்.

அதற்கு வெள்ளை அடித்தார். வண்டிப் பேப்பரையெல்லாம் மாற்றினார். மண்டபத்து வாழைமரத்துக்குப் பக்கத்தில் ரிப்பன் கட்டி நிறுத்தினார். பேப்பரை யார் படித்தார்கள்? கார் வெள்ளையாக இருந்தது. போதாதா அவர்களுக்கு?

பெயிண்ட் சரியாகக் காயவில்லை. முகூர்த்தப் புடவையில் ஒட்டியது.

அப்புறம் அப்பா அடுத்தவன் வண்டிக்கு ஆக்டிங் டிரைவர். பார்வை மங்கியதும் ஏதோ ஒரு அடுக்குமாடி வாசலில் வாட்ச்மேன். மகள் கார் வைத்திருக்கிற வீட்டில் வாழ்கிறாள் என்று இன்றைக்கும் ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறார், பாவம்.

இத்தனை வருஷமும் அவள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள். காரில் ஒரு கீறல் விழக்கூடாது. விழுந்தால் யார் கண்ணிலும் படுவதற்குள் ஓடுவாள். நெயில் பாலிஷ் புட்டியில் வெள்ளைப் பெயிண்ட் வைத்திருந்தாள். டாக்ஸிக்காரன் மகள் என்று தெரிந்தால் மாமியார் அன்றே பெட்டியைத் தெருவில் வைத்திருப்பாள். தெரியாமலே போய்ச் சேர்ந்தாள்.

இப்போது இவருக்குத் தெரிந்துவிட்டது.

வையட்டும். ஏமாற்றிவிட்டான் உங்கப்பன் என்று கத்தட்டும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

தயாளன் திரும்பினார். முகம் பூரித்துக் கிடந்தது.

"டாக்ஸியாடி இது? முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன! ஒரிஜினல் மெட்ராஸ் டாக்ஸி! குலசேகரா, கூரைல கை வைக்காத. வெள்ளைய மட்டும் உரிச்சுடு. கார் ஷோல கப்பு நமக்குத்தான்!"

அவருக்கு மூச்சு வாங்கியது.

"மாமாவோட காக்கிச் சட்டை ஏதாவது கெடைக்குமா பாரு. ஷோவுக்கு நான் போட்டுக்கறேன்."

மாமாவாம். கல்யாணமான நாளிலிருந்து 'உங்கப்பன்'தான். இன்றைக்கு மாமா.

வைதிருந்தால் அவள் அழுதிருப்பாள். சிரிக்கிறாரே இந்த மனுஷன்! அப்பா யார் கண்ணிலும் படாமல் மூடி வைத்த வயிற்றுப்பாட்டை இவர் வேஷம் கட்டிக்கொண்டு நாலு பேருக்குக் காட்டப் போகிறார். அதற்குக் கப்பு வேறு.

தூ.



காபித் தட்டைக் கீழே வைத்தாள். காரின் பின்கதவைத் திறந்தாள். சீட்டெல்லாம் தூள். தட்டிவிடாமல் அப்படியே உட்கார்ந்தாள்.

"சட்டை அப்பாகிட்டதான் இருக்கும். போய் வாங்கிக்கலாம். வண்டிய எடுங்க."

தயாளனுக்குத் தலைகால் புரியவில்லை. கையைக்கூடத் துடைக்காமல் ஓடி வந்து ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார்.

"முன்னாடி வாயேன்."

"டாக்ஸில பின்னாடிதான் உக்காருவாங்க."

குலசேகரன் விழுந்து விழுந்து சிரித்தார். தயாளனும் சிரித்தார். வண்டி உறுமிக்கொண்டு கேட்டைத் தாண்டியது.

தெருமுனையில் பிரேக் போட்டார்.

இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார்.

அப்பா பழைய வீட்டைக் காலி செய்து பல வருஷம் ஆகிவிட்டது. இப்போது இருக்கிற இடத்தை இவர் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

"எந்தப் பக்கம்?"

பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஹார்ன் அடித்தார். இன்னொருவர் அடித்தார்.

அவள் வாயைத் திறக்கவில்லை.